முதல் நாளில் கையில் கொடுக்கும் புத்தகம்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் நிறுவனர் படம் இருக்கும். அடுத்து தாளாளர், செயலர், முதல்வர் ஆகியோரின் வாழ்த்துரைகள், ஆளுக்கு ஒரு பக்கம். பிறகு கல்லூரி வரலாறு, துறைகளின் பட்டியல், வருகைப்பதிவு விதி, தேர்வு விதி, அபராதம், விடுமுறை நாட்கள். கடைசியில் விடுப்பு விண்ணப்பத்துக்கு நாலு பக்கம். தாள் வழவழப்பாக இருக்கும், அச்சும் சுத்தமாக இருக்கும். வாங்கிய பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடும். மறுநாள் காலையில் எந்தக் கட்டடத்தில் தன் வகுப்பு என்று தெரியாமல் கேட் பக்கத்தில் நின்று விழிக்கும்.

நான் வாழ்நாள் முழுக்க அச்சுக்குப் படம் போட்டவன். லெட்டர்பிரஸ் காலத்தில் பிளாக் செய்வதற்காக இந்தியன் இங்க்கில் கோட்டோவியம் எழுதிக் கொடுத்துத் தொழில் கற்றேன். பிறகு ஆஃப்செட் வந்தது, டி.டி.பி. வந்தது, இப்போது கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகிறது. காலண்டர், தீப்பெட்டி லேபிள், சோப்பு உறை, பாடநூல் என்று கைக்கு வந்ததையெல்லாம் வரைந்தேன். அவற்றில் மனநிறைவு தந்த வேலை எதுவென்று கேட்டால், புதிய மாணவர்களுக்காகச் செய்த சின்னச் சின்னக் கையேடுகளைத்தான் சொல்வேன். அந்த வேலை எனக்குத் தொழிலுக்கு வெளியேயும் நிறையக் கற்றுக்கொடுத்தது. இளைஞர்கள் சிலர் இப்போது இதைச் செய்ய முன்வருவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஓர் இடத்தில் பல வருஷம் புழங்கியவர்களுக்கு அந்த இடம் தெரியாமல் இருந்த நாள் மறந்துபோகும். கையேடு செய்வதில் உள்ள கஷ்டமெல்லாம் இதுதான். பேராசிரியருக்குச் சுயநிதிப் பிரிவு அலுவலகம் எங்கே, அரசு உதவி பெறும் பிரிவு அலுவலகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும். அப்படி இரண்டு அலுவலகம் இருப்பதே புதுப் பிள்ளைக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றாது. அவர் கெட்டவர் இல்லை, அக்கறை இல்லாதவரும் இல்லை. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் கையேட்டுக்கு விஷயம் கேட்டால் அவர் தனக்கு முக்கியமாகப் படுவதையெல்லாம் எழுதிக் கொடுப்பார். புதுப் பிள்ளைக்கு வேண்டியது அதில் பாதிகூட இருக்காது.

வியன்னாவில் 1925-இல் ஓட்டோ நியூராத் என்பவர் ஒரு சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் தொடங்கினார். உழைப்பாளி மக்களுக்கு ஊரின் வீட்டுவசதி, உடல்நலம், வேலைவாய்ப்புக் கணக்குகளைப் படமாகக் காட்டுவது அதன் நோக்கம். பிற்காலத்தில் ஐசோடைப் என்று உலகம் அறிந்த முறை அங்கேதான் உருவானது. அந்தக் குழுவில் ஓவியர்கள் இருந்தார்கள், புள்ளிவிவர நிபுணர்களும் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நிபுணர் சொல்வதைக் கேட்டு, அதில் சாதாரண ஆளுக்கு வேண்டியது எது, எந்த வரிசையில் காட்டினால் புரியும் என்று முடிவு செய்து, ஓவியரிடம் கொடுப்பது அவர் வேலை. அந்தக் குழுவில் இருந்த மேரி நியூராத் அதைச் செய்தார். 1950-களில் மேற்கு நைஜீரியாவில் கல்வி, சுகாதாரம் பற்றிப் படக் கையேடுகள் செய்ய வேண்டியிருந்தபோது அங்கேயே போய்ப் பார்த்தார். ஐரோப்பாவுக்காக வரைந்த மனிதர்களையும் வீடுகளையும் அப்படியே எடுத்து ஒட்டாமல், அங்குள்ள உடைக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி மாற்றி வரையச் செய்தார். நம் கல்லூரிக் கையேடுகளில் எழுதுகிற ஆள் உண்டு, வரைகிற ஆள் உண்டு, அச்சடிக்கிற ஆளும் உண்டு. படிக்கப்போகிற பிள்ளைக்காகப் பேசும் அந்த நடு ஆள்தான் இல்லை. யாராவது ஒருவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். ஓவியரே உட்காரலாம்.

உட்கார்ந்தவர் முதலில் செய்ய வேண்டியது கேள்விகளைச் சேகரிப்பது. முதலாண்டு மாணவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து "உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று மைக்கில் கேட்டால் ஒரு கை உயராது. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, அத்தனை பேர் முன்னால் "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்குமா? கேட்க வெட்கப்படுகிற கேள்விதான் கையேட்டில் முதலில் வர வேண்டிய கேள்வி. அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். வாட்ச்மேனிடம் போகும். கேண்டீனில் டீ ஆற்றுகிறவரிடம் போகும். அலுவலகத்தில் கோப்பு தூக்கும் உதவியாளரிடம் போகும். பெண் பிள்ளைகள் என்றால் துப்புரவு வேலை செய்யும் அக்காவிடம் போகும். கல்லூரியின் அறிவுத் துறைகள் எல்லாம் சேர்ந்து சொல்ல முடியாததை இவர்கள் நாலு பேரும் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கல்லூரியில் சேர்க்கை நடந்த வாரம் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வரைகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வந்த கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதினேன். டி.சி. ஒரிஜினலைக் கொடுத்துட்டா திரும்பக் கிடைக்குமா? ஃபீஸ் ரெண்டு தவணையாக் கட்டலாமா? சேலை கட்டித்தான் வரணுமா, சுடிதார் போடலாமா? செருப்புப் போட்டுட்டு லைப்ரரிக்குள்ள போலாமா? ஊர்ல இருந்து வர்ற பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் வரும், ஒன்பதரைக்கு வகுப்புன்னா என்ன செய்ய? சாப்பாடு கொண்டு வந்தா எங்க உக்காந்து சாப்பிடுறது? இங்கிலீஷ்லதான் பாடம் நடத்துவாங்களா? கடைசிக் கேள்வியை ஒரு பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். வாட்ச்மேன் அவன் தோளில் கை வைத்து, "எல்லாரும் அப்படித்தாண்டா தம்பி வர்றாங்க, ரெண்டு மாசத்துல சரியாயிரும்" என்றார். அந்த வாசகத்தை அப்படியே கையேட்டில் போட்டோம், சொன்னவர் சம்மதத்தோடு.

இரண்டாமாண்டுப் பிள்ளைகளும் நல்ல துணை. முதலாண்டுக்காரர்களுக்குத் தெரியாது, மூன்றாமாண்டுக்காரர்களுக்கு மறந்துவிடும். இரண்டாமாண்டில் இருக்கிறவர்களுக்குத்தான் பட்ட பாடு பச்சையாக நினைவிருக்கும். அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவிட்டால், ஒரு மணி நேரத்தில் 32 பக்கத்துக்கு விஷயம் சேர்ந்துவிடும்.

இனி படத்துக்கு வருகிறேன்.

கல்லூரி அலுவலகத்தை வரையச் சொன்னால் பலரும் கட்டடத்தின் முகப்பை வரைவார்கள். போர்ட்டிகோ, கொடிக்கம்பம், முன்னால் இரண்டு குரோட்டன்ஸ் செடி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு அங்கே பயம் தருவது முகப்பு இல்லை, உள்ளே இருக்கும் கம்பி ஜன்னல்கள். வரிசையாக நாலைந்து ஜன்னல், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு எழுத்தர், மேலே மங்கிப்போன எழுத்தில் பெயர்ப்பலகை. எந்த ஜன்னலில் எதைக் கேட்பது? தப்பான ஜன்னலில் நின்றால் அரை நாள் போகும், கூடவே ஒரு வசவும் கிடைக்கலாம். அதனால் அந்த ஜன்னல் வரிசையை அப்படியே ஒரு முழு விரிப்பில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்தேன். ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் மாணவியின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. கவுண்டர் பலகையின் விளிம்பு, உள்ளே மேஜையில் முத்திரை மை டப்பா, நூல் கட்டிய பேனா, சுவரில் தொங்கும் நாட்காட்டி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு எண் போட்டுக் கீழே அந்த எண்ணுக்கு நேராக எழுதினோம்: 1. கட்டணம் கட்ட, செலானை நிரப்பிக்கொண்டு வாருங்கள். 2. போனஃபைட் சான்றிதழ், விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிய பிறகு இங்கே. 3. உதவித்தொகை. 4. பஸ் பாஸ்.

படத்தில் எண் போட்டு எழுத்தோடு இணைக்கும் இந்த வழி பழசு. கொமீனியஸ் என்ற செக் நாட்டு ஆசிரியர் 1658-இல் நியூரம்பர்க்கில் அச்சிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற படநூலில் இதைத்தான் செய்தார். மரக்கட்டையில் செதுக்கிய படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எண். பக்கத்தில் லத்தீனிலும் ஜெர்மனிலும் அதே எண்ணோடு விளக்கம். பிள்ளைகளுக்காகவே செய்த முதல் படநூல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். எத்தனையோ மென்பொருள் வந்த பிறகும் இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வழிகாட்டி வரைபடத்தில்தான் இளைஞர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். என் தங்கை பேத்தி காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். துறைக்காகக் கையேடு செய்ய வேண்டும் என்று மடிக்கணினியோடு வந்தாள். வரைபடத்தைக் காட்டினாள். செயற்கைக்கோள் படத்தை வைத்து அளவு பிசகாமல் எடுத்திருந்தாள், வடக்கு மேலே.

"கேட் எங்கம்மா இருக்கு?"

"இதோ தாத்தா, வலது பக்கம் மேல."

"கேட்ல வந்து நிக்கிற புள்ள இதைக் கையில பிடிச்சா எப்படிப் பிடிக்கும்?"

அவள் யோசித்தாள். "வடக்கு மேலதான தாத்தா இருக்கணும்?"

"கேட்ல நிக்கிற புள்ளைக்கு வடக்கு எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது முன்னாடி, வலது, இடது. அவ்வளவுதான்."

கேட்டை வரைபடத்தின் கீழே, பக்கத்தின் நடுவில் கொண்டுவந்தோம். உள்ளே நுழைகிறவர் நேராகப் பார்ப்பது மேலே, வலது கைப்பக்கம் வலதில். பிறகு அளவைத் தளர்த்தினோம். விளையாட்டு மைதானம் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதைச் சுருக்கினோம். அறிவியல் தொகுதியில் ஒன்றுபோலவே இருக்கும் மூன்று கட்டடங்களைப் பெரிதாக்கி, எதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, எதற்கு முன்னால் வேப்பமரம் நிற்கிறது என்று காட்டினோம். பிள்ளைகள் வழி சொல்லும்போது "தொட்டி இருக்குல்ல, அதுக்கு அடுத்தது" என்றுதான் சொல்கிறார்கள். நிர்வாகம் வைத்த பெயர் கட்டடத்தின் நெற்றியில் இருக்கட்டும். பிள்ளைகள் புழங்கும் பெயரும் வரைபடத்தில் இருக்க வேண்டும். சாய்தளம் எங்கே இருக்கிறது, எந்தக் கட்டடத்தில் தரைத்தளக் கழிப்பறை இருக்கிறது என்பதையும் குறித்தோம். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு முதல் நாளே அது தெரிய வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது, சாய்தளமும் கட்டியிருப்பார்கள், ஆனால் அது கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும்; யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் பாதைகளைச் சிவப்பிலும் பச்சையிலும் பிரித்திருந்தாள். வேண்டாம் என்றேன். உள்பக்கம் சிங்கிள் கலரில் அச்சாகப் போகிறது என்பது ஒரு காரணம். பல கலரில் அச்சானாலும் அப்படிச் செய்யக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் பல ஆண் பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களில் சிலருக்கு அது இருப்பதே தெரியாது. ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதை விட்டுவிட்டு வரும் கோடாகவும் போடச் சொன்னேன். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கையேடு தொலைந்த பிள்ளை நண்பனுடையதை வாங்கி ஜெராக்ஸ் எடுக்கும். ஜெராக்ஸில் எல்லா நிறமும் சாம்பலாகிவிடும். அதனால் எந்தப் படத்தையும் முடிக்கும் முன் ஒரு மலிவான ஜெராக்ஸ் இயந்திரத்தில் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அதில் விளங்கினால்தான் படம் முடிந்தது.

மனிதர்களை வரைவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒருவர் நாதஸ்வரத்தை எப்படிப் பிடித்திருக்கிறார், அங்கவஸ்திரத்தை எங்கே போட்டிருக்கிறார் என்பதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் கண் கையேட்டுக்கும் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களை எடுத்து ஒட்டினால் வெளுத்த முகமும் முதுகுப்பையும் காபிக் கோப்பையுமாக யாரோ வந்து நிற்பார்கள். நம் பிள்ளை அதைப் பார்த்து, "இது எனக்கான இடம் இல்லை போல" என்று நினைத்துக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லாது. நான் வரையும் பிள்ளைகள் கறுப்பாக இருப்பார்கள், எண்ணெய் தேய்த்துச் சீவியிருப்பார்கள், ஜவுளிக்கடைப் பையில் புத்தகம் வைத்திருப்பார்கள், தூக்குவாளி வைத்திருப்பார்கள். ஜன்னலில் கேள்வி கேட்கும் பிள்ளை பெரும்பாலும் பெண்ணாக இருப்பாள். அவள் முதுகு நிமிர்ந்திருக்கும். கூனிக்கொண்டு நிற்பதாக ஒரு பிள்ளையைக்கூட வரைய மாட்டேன். எழுத்தரையும் கோபக்காரராக வரைய மாட்டேன். அவரும் இந்தப் புத்தகத்தைப் பார்ப்பார். தன்னைப் பொறுமைசாலியாகப் பார்த்த பிறகு கொஞ்சம் அப்படி இருக்கவும் முயல்வார். இது நடந்து பார்த்திருக்கிறேன்.

அழைப்பது எப்படி என்பதில் எங்களுக்குள் விவாதம் வந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு நீ என்றா நீங்கள் என்றா எழுதுவது? பேராசிரியர்கள் நீ என்றார்கள், பாசம் என்றார்கள். நான் நீங்கள் என்பதில் உறுதியாக நின்றேன். பள்ளியில் பன்னிரண்டு வருஷம் ஒருமையில் கேட்டுப் பழகிய பிள்ளையை, அச்சில் ஒரு கல்லூரி மரியாதையாகக் கூப்பிடட்டும்.

பணத்தைப் பற்றிய பக்கங்கள் கையேட்டின் நடுவில் வர வேண்டும், பின் குத்திய இடத்தில். புத்தகம் தானாகத் திறப்பது அங்கேதான். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அதுவும் மாதம் 1,000. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்த முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவற்றின் பெயர் தெரியும். தடுமாறுவது காகிதத்தில்தான். எந்தச் சான்றிதழ், எத்தனை நகல், இ-சேவை மையத்தில் எதைக் கொடுத்து எதை வாங்குவது, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது? அதனால் அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து வைத்ததுபோல் வரைந்தேன். உள்ளே காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவித் தெரியும்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டி.சி. நகல், பாஸ்புக் முதல் பக்கம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டம், டிக் போட்டுக்கொள்ள. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் பெட்டியிலிருந்து காகிதத்தைப் பொறுக்கி எடுத்துவிடலாம். பாஸ்புக்கின் உருவமும் கோபுர முத்திரையும் அவருக்குத் தெரியும்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரு பக்கத்துக்கு எதிர்ப்பு வரும். ராகிங், பாலியல் தொல்லை, மனம் சோர்ந்துபோவது பற்றிய பக்கம். "பெற்றோர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இங்கே அதெல்லாம் நடக்கிறது என்று ஆகிவிடாதா?" என்று கேட்பார்கள். ஒரு கல்லூரியில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஆண்டுவிழாப் படங்களைப் போடச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இல்லாமல் நான் புத்தகத்தை முடித்துத் தர மாட்டேன் என்று சொன்னேன். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-இலேயே சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிமுறை போட்டது. பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். எந்த அறையில், யாரிடம் போவது என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் சட்டம் இருந்து என்ன பயன்? பக்கம் இருப்பதைப் பார்க்கும் பெற்றோர், இந்தக் கல்லூரி பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் முதல்வர் சம்மதித்தார். தாயாக யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார்.

அந்தப் பக்கத்துக்கு என்ன படம் போடுவது என்று நிறைய யோசித்தேன். வழக்கமாக, முழங்காலில் முகம் புதைத்து அழும் பெண்ணையும் சுற்றி நீளும் விரல்களையும் போடுவார்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறக்கவே அஞ்சும். நான் இரண்டு தோழிகள் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டுவதாக வரைந்தேன். ஒருத்தி தட்டுகிறாள், இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறாள். கதவில் அறை எண் தெளிவாக இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் எண்கள்: ராகிங் என்றால் 1800-180-5522, நாள் முழுக்க, கட்டணமில்லை. மனம் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். பெண்கள் உதவிக்கு 181. வேறு ஒரு வரியும் அந்தப் பக்கத்தில் வேண்டாம் என்றேன். தேடுகிற நேரத்தில் கண் கலங்கியிருக்கும். எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் போதும்.

அச்சு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அச்சகத்தில் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். டெமி தாள் 18-க்கு 23 அங்குலம். மூன்று முறை மடித்தால் ஒரு பாரம், 16 பக்கம். அதனால் 32 பக்கம் என்றால் இரண்டு பாரத்தில் முடியும். 34 என்று போய் நின்றால் காசு வீண். வெட்டிய பிறகு 5½-க்கு 8½ அங்குலம் நிற்கும். லாங் சைஸ் நோட்டுக்குள் அடங்கும் அளவு அது. சட்டைப்பையில் வைக்கும் அளவுக்குச் சின்னதாகச் செய்யலாம் என்பார்கள். சுடிதாரில் ஏது சட்டைப்பை? உள்பக்கத்துக்கு 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதும். அதன்மேல் பேனாவால் எழுத முடியும், ஆர்ட் பேப்பரில் மை வழுக்கும். பிள்ளைகள் எழுத வேண்டிய புத்தகம் இது. மேப்லித்தோ மையை உறிஞ்சும் என்பதால் மெல்லிய சாம்பல் திரைகளை நம்பாமல், நிழலைக் கோடு போட்டே காட்டுங்கள். கறுப்பு அடியில் வெள்ளை எழுத்து விடாதீர்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்து 12 புள்ளி, வரி இடைவெளி தாராளமாக. இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்த வேண்டாம்; நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் நடுநடுவே ஓட்டை விழும். சென்டர் பின் அடித்து ஓரம் வெட்டும்போது நடுப்பக்கங்கள் கொஞ்சம் அதிகமாக வெட்டுப்படும், அதனால் வெளி ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கள்.

புரூஃப் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியது. யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து ஓடும். திரையில் சரியாக இருக்கும், பிளேட்டில் கெட்டிருக்கும். அதனால் தாளில் எடுத்துத்தான் படிக்க வேண்டும், படித்த ஆள் தவிர இன்னொருவரும். எண்களைக் கண்ணால் சரிபார்க்கக் கூடாது. புரூஃபில் இருக்கும் ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் அந்தத் தாளைப் பார்த்தே டயல் செய்து, மறுமுனையில் யார் எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அதன் பிறகு, அச்சுக்குப் போகும் முன், ஒரு சோதனை செய்வோம். டம்மியை மடித்துப் பின் அடித்து, அந்தக் கல்லூரியைப் பார்த்தே இராத ஒரு பிளஸ் டூ மாணவியின் கையில் கொடுப்போம். கேட்டில் நிற்கவைத்து, "நூலகத்துக்குப் போ, அங்கிருந்து உதவித்தொகை ஜன்னலுக்குப் போ, வழியில் குடிதண்ணீர் எங்கே என்று காட்டு" என்போம். யாரும் உதவக் கூடாது. பின்னால் பத்தடி தள்ளி நடந்து, அவள் எங்கே நிற்கிறாள், எங்கே புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கிறாள், எந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டுகிறாள் என்று மட்டும் பார்ப்போம். ஒருமுறை ஒரு பெண் வேதியியல் கட்டடத்தின் முன் நின்று, வரைபடத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் படிக்கட்டு இடதுபுறம் இருந்தது, இங்கே காணோம். முந்தின மாதம்தான் அந்த வாசலைப் பூட்டிவிட்டு மறுபுறம் திறந்திருந்தார்கள். கல்லூரியில் யாருக்கும் அது சொல்ல வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. அன்று மாலையே படத்தை மாற்றினோம். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அச்சுக்குப் போவதை நான் அனுமதிப்பதில்லை. கெடு நெருங்கினாலும் சரி.

என் தங்கை பேத்தியின் கையேடு ஜூன் மாதம் சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. வகுப்புத் தொடங்கும் அன்று அறிமுக விழாவில் முதல்வர் கையால் கொடுக்கலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். சேர்க்கை அன்றே, கட்டண ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள் என்று துறைத் தலைவரிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். வகுப்பு தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும். அந்த நாட்களில் புத்தகம் வீட்டில் கை மாறும். அப்பா கட்டணத் தேதியையும் பஸ் நேரத்தையும் பார்ப்பார், அம்மா அந்த ஃபைல் பக்கத்தைப் பார்ப்பார், பத்தாவது படிக்கும் தம்பி வரைபடத்தில் மைதானத்தைத் தேடுவான். பார்த்த பிறகு சந்தேகம் வரும், கேட்கத் தோன்றும். அதற்காகப் பின்னட்டையில் ஓர் எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணை எடுத்து நிதானமாகப் பேச, சேர்க்கை முடியும்வரை ஒருவரை உட்காரவைக்க வேண்டும் என்றேன். ஒருவர் போதாது, மாலையில் வேலை முடிந்து வந்துதான் பெற்றோர் கூப்பிடுவார்கள், இரவு ஒன்பது வரை இன்னொருவரும் வேண்டும் என்றாள் அவள். இரண்டு பேரைப் போட்டார்கள்.